மூன்றாவது அவரை விதை

1

பள்ளி அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் வரும். தமிழ்நாட்டில் படித்த நிறையப் பேருக்கு நினைவிருக்கும். ஒரு கண்ணாடிக் குவளை, பாதிவரை தண்ணீர், நடுவில் ஒரு குச்சி. குச்சியில் மூன்று அவரை விதைகளைக் கட்டியிருப்பார்கள். மேல் விதை தண்ணீருக்கு வெளியே நிற்கும். அதற்குக் காற்று உண்டு, தண்ணீர் கிடையாது. நடு விதை தண்ணீர் மட்டத்தை ஒட்டி நிற்கும். அதற்கு இரண்டும் உண்டு. அடி விதை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். அதற்குத் தண்ணீர் உண்டு, காற்று போதாது. சில நாட்களில் நடு விதை மட்டும் ஒழுங்காக முளைக்கும். விதை முளைக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்பது பாடம். படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண்.

திருவொற்றியூரில் நான் படித்த பள்ளியில் இந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது வரைந்திருப்பேன். குவளையின் விளிம்பை நீள்வட்டமாக வரைவது எப்படி, தண்ணீருக்குக் கோடு எப்படிப் போடுவது எல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு தடவைகூட மூன்று அவரை விதையைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் யாருமே செய்ததில்லை. நாற்பத்தெட்டுப் பேர் இருந்தோம், குவளை ஒன்றுதான் இருந்தது, அதுவும் பூட்டிய அலமாரியில். இன்றைக்கு நான் கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறேன். கையேட்டை மனப்பாடம் செய்துவிட்டு நிரலை ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காத ஆள் எங்கள் வேலையில் ஒரு வாரம் தாங்க மாட்டான். செடியைப் பற்றி மட்டும் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நினைக்க வைத்தது போன வருஷம் ஜூலையில் நடந்த ஒரு சம்பவம். எங்கள் தெருவில் வளர்ந்த ஓர் அக்கா எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறார். "ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு விதை போட்டுக் காட்டணும்டா, உங்க கம்பெனில ஏதாச்சும் செய்வாங்களா?" என்று கேட்டார். கம்பெனியில் சமூகப் பொறுப்பு நிதி என்று ஒன்று உண்டு. கேட்டேன், உடனே கொடுத்தார்கள். காகிதக் கப்புகள், பச்சைப்பயறு, காராமணி, வெந்தயம், இருபது மூட்டை செம்மண் கலவை. கம்பெனிப் பெயர் போட்ட டீ-சர்ட்டோடு நாங்கள் ஏழு பேர் போய் இறங்கினோம்.

பிள்ளைகள் ஆசையாகத்தான் வந்தார்கள். மூட்டையைப் பிரித்து மண்ணைக் கொட்டினோம். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்:

"ஏண்ணா மண்ண வெளில இருந்து வாங்கினு வந்தீங்க? எங்க மண்ணு ஆவாதா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். "இது நல்ல மண்ணும்மா, சத்து ஜாஸ்தி" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கப்பில் மண்ணைப் போட்டு விதையைப் புதைத்தாள். படம் எடுத்துக்கொண்டோம். திரும்பி வரும்போது எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தேடித்தான் பள்ளித் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

2

பள்ளிக்கூடத்தில் தோட்டம் வேண்டும் என்ற யோசனை பழையது. 17ம் நூற்றாண்டிலேயே கொமீனியஸ் என்ற கல்வியாளர் பள்ளியை ஒட்டி ஒரு தோட்டம் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1840ல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் தன் சிறுவர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். அவருக்கு அது வெறும் உவமை இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு பாத்தி, எல்லோருக்குமாகப் பொதுப் பாத்திகள் என்று நிஜமாகவே பிரித்துக் கொடுத்தார். நம் தெருக்களில் இன்றைக்கு யூ.கே.ஜி என்று போர்டு மாட்டியிருக்கும் மாடி வீடுகளில் இருக்கும் 'கே.ஜி' இந்தத் தோட்டத்தின் மிச்சம்தான். 1869ல் ஆஸ்திரியா, கிராமப் பள்ளிகளில் தோட்டம் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. 1903ல் அமெரிக்காவில் லிபர்ட்டி ஹைட் பெய்லி 'இயற்கைப் பாடம்' என்ற கருத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் உலகப் போர் வந்ததும் அதே நாட்டில் பள்ளிப் பிள்ளைகளைத் 'தோட்டப் படை' என்று திரட்டிக் காய்கறி போட வைத்தார்கள்.

இந்த வரிசையில் இரண்டு நோக்கங்கள் மாறிமாறி வருகின்றன. ஒன்று, குழந்தை தானே பார்த்துக் கற்பது. இன்னொன்று, குழந்தையின் உழைப்பிலிருந்து ஏதாவது விளைவிப்பது, கூடவே ஒழுக்கத்தையும் பழக்குவது. தோட்டம் ஒன்றுதான். எதற்காக என்பதுதான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது.

சென்னை மாகாணத்தில் கதை கொஞ்சம் வேறு. சைதாப்பேட்டையில் 1868ல் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கியது. 1906ல் அது கோயம்புத்தூருக்குப் போனது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அது. பட்டணத்தில் மிஞ்சியது கல்லூரித் தாவரவியல். அதற்கும் ஒரு சிக்கல் இருந்தது. இங்கிலாந்தில் எழுதிய புத்தகங்களில் இங்கிலாந்துச் செடிகள்தான் உதாரணம். நம்மூர் மாணவன் கண்ணால் பார்த்தே இராத பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தான். 1912ல் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 'இந்தியாவுக்கான தாவரவியல்' என்று ஒரு பாடநூல் எழுதினார். 1916ல் கோவை வேளாண் கல்லூரியின் க. ரங்காச்சாரி இந்தியாவுக்கான தொடக்கத் தாவரவியல் கையேடு ஒன்றை வெளியிட்டார். இந்தியாவுக்கு என்று தலைப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்த காலம் அது. பாடம் மாணவனின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் இங்கே அச்சேறியது.

இந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில், 1914 கடைசியில், இன்னொரு தாவரவியல்காரர் சென்னைக்கு வந்தார். நான் தேடிக்கொண்டிருந்த பதில் அவரிடம்தான் இருந்தது. அவர் வந்த கதையில் எங்கள் துறைமுகமும் உண்டு.

3

1914 செப்டம்பர் 22, இரவு. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அரை மணி நேரத்துக்குள் நூறுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. எங்கள் ஆயா காலம்வரை அந்தக் கதை ஓடியது. ஆயா அப்போது பிறக்கவே இல்லை, ஆனாலும் கூட இருந்து பார்த்தவர் மாதிரிச் சொல்லும். கெட்டிக்காரனை 'சரியான எம்டன்டா அவன்' என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான்.

எம்டன் அதோடு போய்விடவில்லை. அக்டோபரில் அரபிக்கடலில் மினிக்காய் தீவுப் பக்கம் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த சரக்குகளில் ஒன்று ஒரு கண்காட்சி. உலக நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள், மாதிரிகள். பல வருஷ உழைப்பு. எல்லாம் கடலுக்கு அடியில் போனது. அதன் சொந்தக்காரர் பேட்ரிக் கெடிஸ், அறுபது வயது ஸ்காட்லாந்துக்காரர். சென்னை கவர்னர் பென்ட்லாண்ட் பிரபுவின் அழைப்பில் வேறு கப்பலில் வந்து இறங்கியவருக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக இன்னொரு தொகுப்பைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் மெரினாவை ஒட்டிய செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது. ராயபுரத்திலிருந்து கடற்கரையோரமாகவே போனால் ஆறேழு கிலோமீட்டர்.

கெடிஸை இன்று நகரத் திட்டமிடலின் முன்னோடி என்று சொல்கிறார்கள். ஆனால் அவர் தொழில்முறையில் தாவரவியல் பேராசிரியர். 1888லிருந்து 1919 வரை டண்டி நகரக் கல்லூரியில் அந்தப் பதவியில் இருந்தார். இளவயதில் லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்து, நுண்ணோக்கியில் நல்ல பெயர் எடுத்தவர். 1879ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை போய்விட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் மணிக்கணக்காக வேலை செய்யும் அளவுக்குத் திரும்பவில்லை. இருபத்தைந்து வயது ஆராய்ச்சியாளனுக்கு இது என்ன அடி என்று யோசித்துப் பாருங்கள். சின்னதைப் பார்க்க முடியாதவர் பெரியதைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு செல்லைப் பார்த்த மாதிரியே ஒரு தெருவைப் பார்த்தார். உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது, எது வளர்கிறது, எது அழுகுகிறது?

1886ல் கல்யாணம் ஆனதும் மனைவி ஆனாவோடு எடின்பரோவின் பழைய நகரத்தில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், ஜன்னல்களில் செடித் தொட்டி வைத்தார்கள். பிறகு அந்தச் சேரிகளுக்கு நடுவே குப்பை கொட்டிக் கிடந்த காலி இடங்களைக் கணக்கெடுத்தார்கள். 75 இடங்கள், எல்லாம் சேர்த்து 10 ஏக்கர். அவற்றில் சிலவற்றை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கொண்டே தோட்டமாக்கினார்கள். மகள் நோராவும் அந்த வேலையில் இருந்தார். கல்வி முதலில் மனசிலும் கையிலும் தொடங்கித்தான் தலைக்குப் போக வேண்டும் என்பது கெடிஸின் வாதம். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்று நேரே தலையில் தொடங்கும் பள்ளிகளோடு காலம் பூராவும் சண்டை போட்டார்.

இங்கேதான் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. கெடிஸ் சேரியிலிருந்து பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சேரியின் குப்பைமேட்டையே பாடமாக எடுத்துக்கொண்டார். முதலில் இடத்தைப் பார், அளந்து எழுது, பிறகுதான் திட்டம் போடு என்பது அவருடைய அடிப்படை விதி. நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்து எழுதாதே என்கிற மாதிரி. 1915ல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கைகளிலும் இதுதான் அடிநாதம். தஞ்சாவூரில் நெரிசலான பகுதியை இடித்து நேராக ரோடு போடும் யோசனை இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு இடிந்து கிடக்கிறது, எந்த மரம் நிழல் தருகிறது என்று பார்த்தார். கொஞ்சம் இடித்து, நிறைய காப்பாற்றி, குறைந்த செலவில் செய்யலாம் என்று காட்டினார். உறுப்பை வெட்டி எறியாமல் காப்பாற்றும் அறுவைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர் வைத்தார்.

கோயில் நகரங்கள் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. அவற்றைப் பற்றித் தனியாகவே எழுதினார். எங்கள் திருவொற்றியூரில் தல விருட்சம் மகிழ மரம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மரத்தடியில்தான் என்பது ஊருக்கே தெரிந்த கதை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மரம் என்று வைத்திருந்ததும் ஒரு வகையில் அந்தந்த மண்ணின் தாவரவியல்தானே என்று கெடிஸைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

1917 அவருக்குக் கொடுமையான வருஷம். மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் குண்டுபட்டு இறந்தான். அதே வருஷம் ஆனா இந்தியாவில் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. இந்தூரில் தீபாவளியையொட்டி ஊரைச் சுத்தம் செய்ய ஒரு திருவிழா ஊர்வலமே நடத்தினார். 1920ல் ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். செடிகளின் உணர்ச்சிகளை அளந்தவரைப் பற்றி, நகரங்களின் நாடி பார்த்தவர் எழுதிய புத்தகம்.

4

கெடிஸுக்குப் பிறகும் இந்த எண்ணம் இங்கே வேறு வேறு உருவத்தில் தலைகாட்டியது. 1937ல் காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவில் வைத்தது. அதில் விவசாயமும் ஒன்று. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. போர் பிடித்து நிறுத்திவிட்டது. கொடைக்கானலில் இருந்த வருஷங்களில் செடி, பூச்சி, மண் எல்லாவற்றையும் ஒரே கதையாகச் சொல்லிக்கொடுக்கும் முறையை அவரும் மகனும் வளர்த்தெடுத்தார்கள். விதை போட்ட குழந்தை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது என்பது அவருடைய பழைய கருத்து.

1972ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. அரசுப் பள்ளி, சாதாரண வாத்தியார்கள், மலிவான பொருட்கள். பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து சோதனை செய்து, பார்த்ததை எழுதி, விவாதிக்க வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் நடந்து, 2002ல் மாநில அரசு அதை நிறுத்தியது. அடுத்த வருஷம், 2003ல், சென்னையில் ஒன்று தொடங்கியது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். பிறகு மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007 வாக்கில் மாநிலம் முழுக்கவும் போனது. பிள்ளைகள் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் வட்டமாக உட்கார்ந்தது வடசென்னையில் அப்போதுதான். நான் அதற்குள் பள்ளியை முடித்துவிட்டேன். என் தம்பி வயசுப் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

2019ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட வழிகாட்டுதல் வெளியிட்டது. விளைவது மதிய உணவுக்குப் போக வேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் எண்ணூரில் அதைச் செய்யும்போது ஒரு முடிச்சு விழுகிறது.

5

வடசென்னையின் மண் எப்படி ஆனது என்பதையும் வரிசையாகச் சொல்லிவிடலாம். 1856ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. பிறகு துறைமுகம். 1948ல் எண்ணூரில் கார்த் தொழிற்சாலை வந்து லாரித் தொழிற்சாலை ஆனது. 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994ல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001ல் எண்ணூர்த் துறைமுகம். நகரத்துக்கு வெளிச்சமும் பெட்ரோலும் உரமும் இந்தப் பக்கத்திலிருந்து போயின. நிலக்கரிச் சாம்பல் இங்கேயே தங்கியது. சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்தது பற்றி மீனவர்கள் பல வருஷமாகப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போய்ப் போராடியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. அதே மாதம் 26ம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் பக்கத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 1914ல் எண்ணெய் எரிந்தபோது ஊர் ஓடியது நூறு வருஷத்துக் கதை. இது அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் சொந்த ஞாபகம்.

இந்த ஊரில் போய் மூட்டை மண்ணைப் பிரித்துக் கொட்டினால் அது என்ன பாடம் நடத்தும்? விதை முளைக்கும், சந்தேகமே இல்லை. கூடவே, நல்லது எல்லாம் வெளியிலிருந்து மூட்டையில் வரும், உன் காலடியில் இருப்பதைப் பற்றிக் கேட்காதே என்பதையும் சேர்த்துச் சொல்லும். அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் சிரித்துச் சமாளித்தபோது செய்தது அதுதான்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "திரும்ப வரலாமாக்கா? இந்தவாட்டி டீ-சர்ட்டு இல்லாம." 

"வாயேன்டா. பசங்க கேட்டுக்கினேதான் இருக்காங்க."

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். நான்கு வகை மண். ஒன்று, மூட்டையில் மிச்சமிருந்த கலவை. இரண்டு, பள்ளி மைதானத்து மண். மூன்று, கழிமுகக் கரையிலிருந்து எடுத்த மண். நான்கு, அதே கரை மண்ணைக் குழாய்த் தண்ணீரில் ஐந்தாறு தடவை அலசி வடித்தது. கரைக்கு அக்காவும் நானும் மட்டும் போய்க் கையுறை போட்டு எடுத்து வந்தோம். ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு. ஒரே அளவு தண்ணீர், ஒரே ஜன்னல். எது முதலில் முளைக்கும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். பாதிப் பேர் தங்கள் மைதானத்து மண்தான் ஜெயிக்கும் என்று எழுதியிருந்தார்கள். ஊர்ப்பாசம்.

ஆறாம் நாள் அக்கா கணக்கை வாட்ஸாப்பில் அனுப்பினார். மூட்டை மண்ணில் 9, மைதானத்தில் 7, கரை மண்ணில் 0, அலசிய கரை மண்ணில் 4. இது ஆராய்ச்சி இல்லை, நாற்பது விதைகள்தான். ஆனால் நான்காவது கப்பு பிள்ளைகளைத் தூங்க விடவில்லை. ஒரே மண்தானே, அலசினதும் எப்படி முளைச்சுது?

அடுத்த சனிக்கிழமை அதைத்தான் பேசினோம். காய்ந்த விதைக்குள் தண்ணீர் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். முளைக்க வேண்டுமென்றால் அது முதலில் வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஊத வேண்டும். சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு அதிகமானால் விதையால் இழுக்க முடியாது. தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் கிடக்கும். ஊறுகாய் ஏன் கெடுவதில்லை என்பதற்கும் காரணம் இதுதான் என்று அக்கா சொன்னதும் வகுப்பு கலகலத்தது. அலசியபோது உப்பில் ஒரு பகுதி போய்விட்டது, நான்கு விதை பிழைத்தது. அப்படியானால் மண்ணில் இருந்த கெடுதல் எல்லாம் போய்விட்டதா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை. உப்பு கரையும், சாம்பலில் இருக்கும் ஈயம், ஆர்சனிக் மாதிரியானவை அப்படிச் சுலபமாகப் போகாது. அவை இந்த மண்ணில் எவ்வளவு என்று ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். அதனால் முளைத்த எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். விதைக்கிற பிள்ளையிடம் சாப்பிடாதே என்று சொல்வது எனக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. மற்ற ஊர்ப் பள்ளித் தோட்டங்களில் கடைசிப் பாடம் சமையலறையில் நடக்கும். இங்கே அதுவரை போக முடியவில்லை.

"அப்ப எங்க கரைல ஒண்ணுமே மொளைக்காதாண்ணா?"

அதே பெண்தான். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. சரியாகச் சொன்னால், அவர்கள் வகுப்பிலேயே இருந்தது. ஒரு பையனின் தாத்தா கழிமுகத்தில் இறால் தடவுகிறவர். அவரிடம் சொல்லி அலையாத்திக் காய்கள் கொஞ்சம் பொறுக்கி வரச் சொல்லியிருந்தோம். சின்னதாக, பச்சை நிறத்தில், அழுத்தினால் மெத்தென்று இருக்கும். தோலைப் பிதுக்கிக் காட்டினேன். உள்ளே விதை என்று தனியாக ஒன்று தூங்கிக்கொண்டிருக்கவில்லை. மடித்த இரண்டு தடித்த இலைகளோடு ஒரு குட்டிச் செடியே இருந்தது. மரத்தில் இருக்கும்போதே அது விதையுறையை விட்டு வெளியே வந்து, காய்க்குள்ளேயே வளரத் தொடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் முதலிலிருந்து தொடங்க முடியாதே, அதனால் தாய் மரத்திலேயே பாதி வேலையை முடித்துக்கொண்டுதான் கீழே விழும். விழுந்த சில நாட்களில் சேற்றைப் பிடித்துக்கொண்டு வேர் விடும். உள்ளே வந்த உப்பில் ஒரு பகுதியை இலை வழியாக வெளியே தள்ளும். இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும்.

பிறகு அதன் வேரைப் பற்றிப் பேச்சு வந்தது. கழிமுகச் சேற்றில் காற்று இருக்காது. அதனால் இந்த மரம் பென்சில் பென்சிலாக வேர்களை மேலே நீட்டி மூச்சு விடுகிறது என்றேன். பிள்ளைகளுக்கு அந்தக் குச்சிகளை நன்றாகத் தெரியும், காலில் குத்துமே. எண்ணெய் வந்தபோது அந்தக் குச்சிகள் எல்லாம் கருப்பாக இருந்தன என்று ஒருவன் சொன்னான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் நோட்டைப் புரட்டி, மூன்று அவரை விதைப் படத்தை எடுத்தாள். என் காலத்துப் படம் மாதிரியேதான், கோடு மாறாமல் வரைந்திருந்தாள். அடி விதையின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப அது இதாயிச்சு. காத்து இல்லாம."

ஐந்து மதிப்பெண்ணுக்காகப் பத்துத் தடவை வரைந்த படம் அது. எதைப் பற்றியது என்று எனக்கு முப்பத்தைந்து வயதில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லித்தான் புரிந்தது.

6

கெடிஸ் 1919ல் டண்டியில் கடைசி வகுப்பு எடுத்தபோது, உலகம் காசால் ஓடுவதாக ஜனங்கள் நினைக்கிறார்கள், உண்மையில் அது இலையால்தான் ஓடுகிறது என்ற பொருளில் பேசினார். பிரசவத்துக்கு இலவசம் என்று ஆட்டோவில் எழுதியிருப்பது மாதிரி இன்று அந்த வாசகத்தைச் சுவரொட்டிகளில் போடுகிறார்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தால்தான் அதற்கு எடை வருகிறது. கண் போனவர், கண்காட்சி கடலில் போனவர், மகனையும் மனைவியையும் ஒரே வருஷத்தில் இழந்தவர். கையில் இருப்பதை வைத்து, காலடியில் இருப்பதிலிருந்து தொடங்கியவர்.

எங்கள் மண் ஆகாதா என்ற கேள்விக்கு ஆகும் என்று சொன்னால் பொய். ஆகாது என்று சொல்லி மூட்டையை இறக்கினால் அதுவும் பாதிப் பொய். என்ன ஆனது என்று சேர்ந்து பார்க்கலாம் வா என்பதுதான் நான் ஜூலையிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில். பள்ளித் தோட்டம் என்ற ஏற்பாடு அதற்குத்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அக்கா போன வாரம் பேசினார். மைதானத்து மண்ணையும் கரை மண்ணையும் ஆய்வகத்துக்கு அனுப்பப் பிள்ளைகளே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்களாம். அலையாத்திக் காய்களைச் சேற்றோடு ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் நட்டு வராந்தாவில் வைத்திருக்கிறார்கள். ஐந்தில் மூன்று நிற்கிறது. நல்ல தண்ணீர் ஊற்றலாமா, உப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமா என்று வகுப்பில் சண்டை.

"என்னாடா பண்றது?" என்று கேட்டார்.

"ரெண்டு டப்பா வைங்கக்கா" என்றேன்.